இனிகோ குடிக்கவில்லை

என் பெயரைச் சொல்லித்தான் இனிகோவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் கடையில் உட்கார்ந்து ஒரு கிரைண்டர் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த செம்புக் கம்பி பட்டென்று அறுந்தது. பாதி சுற்றிய காயில் வீண். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

கிளப்பில் சமையல் செய்கிற சந்தனமாரிதான் போனில் சொன்னாள். மேனேஜர் சிவப்பிரகாஷ் கமிட்டிக்காரர்கள் முன்னால் சொன்னானாம்: "உமாராணியே செக் பண்ணிப் பாத்துட்டு மெஷின்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அப்புறம் எங்கேருந்து கரண்டு அடிக்கும்? இவன் குடிச்சுட்டு விழுந்திருக்கான், அவ்வளவுதான்."

நான் அப்படியா சொன்னேன்? "இப்பப் பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியல சார். பிரிச்சுப் பாக்காம எதுவும் சொல்ல முடியாது" என்றல்லவா சொன்னேன்! மீனை வெட்டுவதுபோல என் பேச்சை வெட்டித் தனக்கு வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பூனைக்குப் போட்டுவிட்டான் அந்த ஆள். வாயில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை எனக்கு.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தக் கிளப். கப்பலிலிருந்து இறங்குகிற வெளிநாட்டு மாலுமிகள் வந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார்கள், கேரம் ஆடுவார்கள், பீர் குடிப்பார்கள். ஹாலின் மூலையில் ஒரு பின்பால் மெஷின் நிற்கிறது. என்னைவிட வயதில் மூத்தது. எப்போதோ யாரோ ஐரோப்பியக் கப்பல்காரர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனது. கண்ணாடிக்குக் கீழே சரிவான பலகை. இரும்புக் குண்டு ஒன்று மேலேயிருந்து உருண்டு வரும். முட்டுகிற இடத்திலெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும், எண் ஏறும். குண்டு கீழே குழியில் விழாதபடி, பக்கவாட்டுப் பொத்தான்களை அமுக்கி இரண்டு சின்னத் துடுப்புகளால் அதைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அதற்காக உள்ளே எத்தனை காயில், எத்தனை ரிலே, எத்தனை வயர்! கம்ப்யூட்டர் சிப்பு என்று ஒன்றும் கிடையாது. இந்த ஊர் உப்புக்காற்றில் ஸ்விட்ச் முனைகள் எல்லாம் மாசத்துக்கு ஒருதரம் பச்சை பூத்துப்போகும். நான் போய்ச் சுரண்டித் துடைத்துவிட்டு வருவேன். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பார்த்துச் சலித்த கைக்கு அது ஒரு சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனிகோ அங்கே உதவியாள். கூட்டுவான், துடைப்பான், மாலுமிகளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பான். அதற்கு முன்னால் லாஞ்சு என்கிற விசைப்படகுகளில் விளக்கு, ஹாரன், வயர்லெஸ் எல்லாவற்றுக்கும் வயரிங் செய்துகொண்டிருந்தவன். அந்தக் காலத்தில் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரமே அறிந்த குடிகாரன். மூன்று வருஷத்துக்கு முன்னால், பனிமய மாதா கோவில் கொடியேற்றத்தன்று, மாதா முன்னால் முழங்கால் போட்டு, பெண்டாட்டி ஜெனோவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. அந்தப் பக்கம் போகும்போது வாரத்துக்கு இரண்டு தடவை அவனைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

போன வெள்ளிக்கிழமை கிளப்பில் யாருக்கோ பணி ஓய்வு விழா. மைக் செட், சால்வை, கேசரி எல்லாம் முடிந்தபிறகு இரண்டு மாலுமிகள் பின்பால் ஆடியிருக்கிறார்கள். கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தும் பீர் டின்னைக் கண்ணாடிமேல் வைத்திருக்கிறார்கள். இனிகோ செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தவன், டின்னை எடுப்பதற்காக மெஷினின் முன்பக்கத்து இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கிறான். பின்னால் தூக்கி எறிந்துவிட்டது. டின் அவன்மேலேயே கவிழ்ந்தது. ஓடிவந்த சிவப்பிரகாஷ் கண்டது என்ன? கண் சொருகி, நாக்குக் குழறி, நெஞ்சு முழுக்க பீர் நாற்றத்தோடு தரையில் கிடக்கிற ஒரு பழைய குடிகாரனை. முடிந்தது கதை. ஷூ போட்டுக்கொண்டு மரப்பெட்டியில் கை வைத்து ஆடிய மாலுமிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதுவும் சேர்ந்துகொண்டது.

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார்கள். ப்ளக் கழன்று கிடந்தது. செருகி, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை வைத்து எல்லா இடமும் தொட்டுப் பார்த்தேன். எரியவில்லை. அப்போது சொன்ன வார்த்தையைத்தான் அந்தப் பாவி வெட்டினான்.

அறுந்த காயிலை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தக் கிளம்பினேன். படியில் இனிகோ வந்து நின்றான். நெற்றியில் ஒரு வீக்கம். முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் குடிக்கலக்கா."

"தெரியும்லே. கரண்டுதான் அடிச்சிருக்கு."

"அதான் எனக்கும் விளங்கல. அந்த மெஷின்ல கரண்டு அடிக்கவே அடிக்காதுக்கா."

"உனக்கு எப்படிலே தெரியும் அடிக்காதுன்னு?"

அவன் தரையைப் பார்த்தான். எனக்கிருந்த ஆத்திரத்தில் நானும் அதைத் தோண்டிக் கேட்கவில்லை. "ஜெனோவா எங்க?" என்றேன்.

"அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றான். வேலை போனதை அவன் என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே திரேஸ்புரம் போனேன். ஜெனோவா அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தி வேகமாக ஓடியது.

"ஏளா, அவன் குடிக்கல" என்றேன், உட்காராமலே.

"நீங்கதானக்கா மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னிய?"

"எவன் சொன்னான்?"

"ஊரே சொல்லுது." கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நானே மோந்து பாத்தேன்க்கா. சட்டை முழுக்க நாத்தம். மூணு வருசமா எங்க வீட்டுக்குள்ள வராத நாத்தம்."

"பீர் டின் அவன்மேல கொட்டியிருக்கு. கீழ விழுந்தவன் மேல கொட்டத்தான செய்யும்?"

"அவரும் அதத்தான் சொல்லுதாரு. அந்தக் காலத்துலயும் இதேதான் சொல்லுவாரு. பஸ்ல எவனோ மேல கொட்டிட்டான், கல்யாண வீட்டுல எவனோ கொட்டிட்டான்னு. எத்தன பேருதான்க்கா இவரு மேலயே கொட்டுவானுவ?"

நியாயமான கேள்வி.

"குடிச்சதக்கூட விடுங்க. என் கையப் புடிச்சுக்கிட்டு மாதாகிட்ட சத்தியம் பண்ணுனாரே! அந்தக் கைய நான் இப்ப எங்கன கொண்டுபோய் வைக்க?" மீன் செதில் ஒட்டிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மெஷின்ல கரண்டு இருக்குன்னு நீங்க காட்டுங்க. வாயால சொல்லாதீங்க. என் கண்ணால பாக்கணும். பாத்தா அவரோட வீட்டுக்குப் போறேன். இல்லன்னா நான் இங்கனயே கிடந்துட்டுப் போறேன்."

"காட்டுதேன். காட்டலன்னா என் பேரு உமாராணி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், வண்டியில் வரும்போதுதான் நினைவு வந்தது. டெஸ்டர் எரியவில்லையே!

மறுநாள் காலையில் கிளப்புக்குள் நுழைந்தபோது சிவப்பிரகாஷ் குறுக்கே வந்தான். நல்ல சலவைச் சட்டை, சிரித்த முகம்.

"அதான் அன்னைக்கே பாத்தாச்சே, மேடம்?"

"பாத்தது பாதி. நீங்க ஊருக்குச் சொன்னதும் பாதி. மிச்சத்தையும் பாத்துட்டுப் போறேன், தள்ளுங்க சார்" என்றேன். தள்ளினான்.

கண்ணாடியை உருவிச் சுவரோரம் சாய்த்தேன். ஆடுகிற பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன். அடியில் வயர்க் கட்டுகள், வரிசையாகக் காயில்கள். ஒரு காயில் வெந்து, அதன் கம்பி இரும்பைத் தொட்டிருக்கலாம் என்று எண்ணித் துடுப்புக் காயில்களை முதலில் பார்த்தேன். இல்லை. மணியடிக்கிற காயில், குண்டைத் தூக்கிவிடுகிற காயில், ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. உண்மையில் அவற்றில் ஓடுவது சின்ன வோல்ட்டேஜ்தான், ஆளைத் தூக்கி எறியாது. எறிய வேண்டுமென்றால் வீட்டுக் கரண்ட் வரவேண்டும், அது டிரான்ஸ்பார்மர் வரைக்கும்தான் வரும். சுவிட்சை அணைத்து, டிரான்ஸ்பார்மரின் வயர்களை மட்டும் கழற்றிச் சோதித்தேன். கல் மாதிரி நன்றாக இருந்தது. திரும்ப மாட்டினேன். தரையில் தண்ணீரை ஊற்றி, அன்று மாதிரியே ஈரமாக்கிவிட்டு டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை.

மத்தியானம் வரைக்கும் இதே கதை. சிவப்பிரகாஷ் இரண்டு தடவை கதவருகே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான். மூன்றாவது தடவை வந்தால் ஸ்குரூ டிரைவரை எறிந்திருப்பேன்.

"சனியனே, அவன் குடியைக் கெடுத்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கியே" என்று மெஷினின் காலில் ஓர் உதை விட்டேன். வலித்தது என் விரல்தான். போதும் என்று ப்ளக்கைப் பிடுங்கினேன்.

பிடுங்கிய ப்ளக் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். இரண்டு உருண்டைப் பின். எர்த்துக்கான மூன்றாவது பின் கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம்.

"ஏளா சந்தனமாரி!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். "வெள்ளிக்கிழமை இந்த ப்ளக்க யாராவது புடுங்குனாங்களா?"

"ஆமாக்கா. மைக் செட்டுக்காரப் பயலுவ புடுங்கிட்டு அவனுவ வயரச் சொருகுனானுவ. போகும்போது திருப்பிச் சொருகிட்டுப் போனானுவ. இனிகோ அண்ணன் விழுந்ததும் ஆடிக்கிட்டிருந்த வெள்ளக்காரரு புடுங்கிப் போட்டாரு."

அப்புறம் செருகியது நான். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே செருகியது நான். இப்போது திருப்பிச் செருகினேன். இரும்புச் சட்டத்தில் டெஸ்டரை வைத்தேன்.

சிவப்பாக எரிந்தது.

"இருக்குளா! இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தனமாரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். ப்ளக்கை எப்படித் திருப்பினாலும் மெஷினின் உடம்புக்குக் கரண்ட் வரக்கூடாது. உடம்புக்கும் உள்ளே வருகிற வயருக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. யாரோ தொடர்பு கொடுத்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் கழற்றிவிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டேன். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், நான் போடாத ஒரு துண்டு வயர் இருந்தது. உள்ளே வருகிற இரண்டு வயர்களில் ஒன்றிலிருந்து கிளம்பி, நேரே இரும்புச் சட்டத்தில் போய் முடிந்திருந்தது. உப்பு ஏறாமலிருக்க மேலே கிரீஸ் தடவியிருந்தது. அதன்மேல் நீல நிற நைலான் வலை நூலால் இறுக்கிக் கட்டி, கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் போடுகிற முடிச்சு.

எலெக்ட்ரீஷியன் எவனும் வயரை வலை நூலால் கட்டமாட்டான். லாஞ்சில் வேலை பார்த்தவன்தான் கட்டுவான்.

லாஞ்சில் பேட்டரிக் கரண்டுதான். அதில் மைனஸ் வயரை எஞ்சினின் உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பாடி எர்த் என்பார்கள். அப்படிக் கட்டினால்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடும், ஆளுக்கும் ஆபத்தில்லை. அதே காரியத்தை வீட்டுக் கரண்டில், மூன்றாவது பின் இல்லாத ப்ளக்கில் செய்தால் என்ன ஆகும்? இரண்டு வயரில் ஒன்றுதான் ஆளை அடிக்கும்; கட்டிய வயர் மற்றதோடு சேரும்படி ப்ளக் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது. திருப்பிச் செருகிய அன்றைக்கு மெஷின் முழுக்க எமன்.

அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அட மடப்பயலே, உன்னைக் கொல்ல நீயே கயிறு திரித்திருக்கிறாயே! கட்டிங் பிளேயர் கையில்தான் இருந்தது. முடிச்சை வெட்டி எறிந்துவிட்டால் அவன்மேல் ஒரு குற்றமும் வராது. ஆனால் வெட்டிவிட்டால் அப்புறம் ஜெனோவாவுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. வெட்டவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரையும் வரச்சொன்னேன். இனிகோ ஒரு மூலையிலும் ஜெனோவா இன்னொரு மூலையிலும் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கூப்பிடாமலே சிவப்பிரகாஷும் வந்துவிட்டான். நான் ப்ளக்கைச் செருகி, இரும்பில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. பிடுங்கி, திருப்பிச் செருகி வைத்தேன். எரிந்தது.

"பாத்துக்கோ" என்றேன். "உள்ள ஒரு வயர் இந்த இரும்போட சேத்துக் கட்டியிருக்கு. ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு இதப் புடிச்சிருக்கான். உசுரோட நிக்கானே, அது பெருசு."

ஜெனோவா பக்கத்தில் வந்து குனிந்து அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்தாள். நான் மெஷினை அணைத்தேன்.

சிவப்பிரகாஷ் போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலில் தேன் வடிந்தது. "இனிகோ, நடந்தது நடந்துபோச்சு. கரண்டு அடிச்சுதுன்னு வெளிய போனா எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வருவாரு, கிளப்புக்குப் பூட்டப் போடுவாரு. எல்லாருக்கும் கஷ்டம். நாளைக்கே வந்து வேலையில சேந்துக்க. அன்னைக்கு ஏதோ லேசாக் குடிச்சிருந்த, கமிட்டி மன்னிச்சுட்டுது. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே? உன் வீட்டுக்காரிக்கு உண்மை தெரிஞ்சாச்சு, அது போதாதா?"

"போதாது!" என்று நான் கத்தினேன். "ஊர் முழுக்கக் குடிகாரன்னு பேரக் கெடுத்துட்டு, ரூமுக்குள்ள வச்சு நல்லவன்னு சொல்லுதியளா? நானே இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுதேன், பாருங்க."

"போடுங்க மேடம்." சிரிப்பு அப்படியே இருந்தது. "இந்த மெஷினைத் திறக்கிறது நீங்க ஒருத்தர்தான். அந்த வயர யாரு கட்டினான்னுதான் மொதல்ல கேப்பாரு. உங்க தலையிலதான் விடியும். ஆள் செத்திருந்தா கேஸே உங்க மேலதான்."

எனக்குப் பதில் தெரியும். நீல நூல் அங்கேயேதான் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கோபத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா கட்டல சார்" என்றான் இனிகோ. "நான்தான் கட்டுனேன்."

ஜெனோவா திரும்பினாள்.

"போன மாசம் ஒரு கப்பக்காரரு, இதத் தொட்டா லேசாச் சுள்ளுங்குதுன்னு சொன்னாரு. பாடி எர்த் இல்ல போலன்னு நெனச்சுக் கட்டிவிட்டேன். லாஞ்சுல எல்லாம் அப்படித்தான் கட்டுவோம். அதுக்கப்புறம் சுள்ளுங்கல. சரியாயிட்டுன்னு நெனச்சேன். தப்பு என்னுதுதான் சார். வேலை வேண்டாம். இன்ஸ்பெக்டர் வந்தா அவருகிட்டயும் சொல்லுதேன். ஆனா குடிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

சிவப்பிரகாஷின் சிரிப்பு ஒருவழியாக அணைந்தது. "உன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனான்.

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஏலே கோட்டிக்காரா! சுள்ளுங்குதுன்னா எங்கிட்ட ஒரு போன் போட்டிருக்கலாம்ல? வாரத்துக்கு ரெண்டு தடவ இந்தப் பக்கம் வாரேன்ல? ஏம்லே எங்கிட்ட சொல்லல?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துச் சொன்னான்: "நீங்க கத்துவீயக்கா."

நான் ப்ளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்தேன்.

ஜெனோவா நேரே அவனிடம் போனாள். பளாரென்று தோளில் ஓர் அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். அடித்த கையை எடுக்காமல் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா கத்துனா காது வலிக்கும், அவ்வளவுதான? நீரு செத்திருந்தீருன்னா? குடிச்சுட்டுச் செத்தாருன்னுல நான் சாகுற வரைக்கும் உம்ம ஏசிக்கிட்டே இருந்திருப்பேன்!"